உங்களுக்குத் தெரியுமா? ஆளில்லாப் போர்க்கலம் யார் பேச்சைக் கேட்கும்?

இந்த வாரம் விண்வெளி. ஹொலிவுட்டில் புறப்படுகிறோம், வழியில் திருத்தக்கதேவரும் இராவணனும் கறுவாத்தோட்டத்தில் குடியிருந்த ஓர் ஆங்கில எழுத்தாளரும் ஏறிக்கொள்வார்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் பார்த்துத் தள்ளும் விண்வெளிச் சண்டைகளுக்கும் நம் கொழும்புக்கும் என்ன தொடுப்பு என்று கேட்பீர்கள். நிறையவே இருக்கிறது.

● ‘பேட்டில்ஸ்டார் கலக்டிகா’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் மனிதர்களைத் துரத்தித் துரத்தி அழிக்கும் இயந்திர இனத்துக்குச் சைலன்கள் என்று பெயர். அவர்களின் சண்டைக் கலம்தான் ரெய்டர். வளைந்த இரண்டு இறக்கை, நடுவே தலை மாதிரி ஒரு புடைப்பு, அதில் இடமும் வலமும் ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு சிவப்பு வெளிச்சம். 2003இல் ரொனால்ட் டி. மூர் குழுவினர் இந்தக் கதையைப் புதுப்பித்து எடுத்தபோது ரெய்டருக்குள் விமானியை உட்கார வைக்கவில்லை. கலமே விமானி. வெளியே உலோகம், உள்ளே தசை, நரம்பு, மூளை.

முதற் பருவத்தில் வரும் ஒரு கதையைக் கேளுங்கள். காரா திரேஸ் என்ற பெண் விமானி, ‘ஸ்டார்பக்’ என்ற பட்டப்பெயர்க்காரி, மூச்சுவிட முடியாத ஒரு நிலவில் விழுந்துவிடுகிறாள். கையிலிருக்கும் ஒட்சிசன் தீர்ந்துகொண்டிருக்கிறது. அங்கேயே அவள் வீழ்த்திய ரெய்டரும் கிடக்கிறது. அதன் வயிற்றுப் பக்கத்துத் திறப்பால் உள்ளே நுழைகிறாள். ஆசனம் இல்லை, பொத்தான் இல்லை, சதையும் நிணமும்தான். மூளையை உருவி வெளியே போட்டுவிட்டு, எதை இழுத்தால் எது அசைகிறது என்று தடவித் தடவிப் பிடித்துவிடுகிறாள். சதை உயிரோடிருக்க ஒட்சிசன் வேண்டுமல்லவா? அந்த ஒட்சிசன்தான் அவளையும் காப்பாற்றுகிறது. தாய்க்கப்பலை நெருங்கும்போது சொந்தப் படையே சுட்டுத் தள்ளிவிடும் என்பதால், இறக்கையின் அடிப்புறத்தில் தன் பட்டப்பெயரைப் பெரிதாக எழுதிக்கொண்டு வருகிறாள். நான் பார்த்த விண்வெளிக் காட்சிகளில் இவ்வளவு அருவருப்பாகவும் இவ்வளவு புத்திசாலித்தனமாகவும் இன்னொன்று இல்லை.

● இதே தொடர் 1978இல் முதன்முதலாக வந்தபோது ரெய்டருக்குள் மூன்று ரோபோக்கள் இருந்தன. இரண்டு முன்னால் இருந்து ஓட்டும். ஒன்று பின்னால் இருந்து கட்டளையிடும். ஒரு வேலைக்கு மூன்று பேர். அரசாங்கக் கந்தோர்களைக் கண்ட நமக்கு இது ஒன்றும் புதினமில்லை.

● அந்த 1978ஆம் ஆண்டுத் தொடர் தங்கள் ‘ஸ்டார் வோர்ஸ்’ படத்தைப் பார்த்து அடித்தது என்று டுவென்டியத் செஞ்சுரி ஃபொக்ஸ் நிறுவனம் யுனிவர்சல் நிறுவனத்தின்மீது வழக்குப் போட்டது. வேடிக்கை என்னவென்றால், இரண்டுக்கும் காட்சித் தந்திரங்களைச் செய்துகொடுத்தவர் ஜோன் டைக்ஸ்ட்ரா என்ற ஒரே ஆள்தான்.

● புதிய தொடரில் ரெய்டர் சாவதும் நிரந்தரமில்லை. சுட்டு வீழ்த்தினால் அதன் நினைவு வேறோர் உடலுக்குப் போய்ச் சேரும். பட்ட அடியும் கற்ற பாடமும் மறக்காது. அப்படிச் செத்துச் செத்துத் தேறிய ஒரு ரெய்டருக்கு மனித விமானிகள் ‘ஸ்கார்’, அதாவது தழும்பன், என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஓர் இயந்திரத்துக்குப் பட்டப்பெயர் வைத்துப் பயப்படத் தொடங்கினால் அது இயந்திரமாக இருப்பதை நிறுத்திவிட்டது என்று அர்த்தம்.

● ‘ஸ்டார் வோர்ஸ்’ உலகத்திலும் ஆளில்லாச் சண்டைக் கலம் உண்டு. 1999இல் வந்த ‘த ஃபன்டம் மெனஸ்’ படத்தின் கழுகு டிரொயிட். பறக்கும்போது இறக்கை, தரையில் அதுவே கால். ஆனால் சொந்த மூளை பெரிதாகக் கிடையாது. மேலே நிற்கும் கட்டுப்பாட்டுக் கப்பல் சொல்வதைத்தான் செய்யும். ஒன்பது வயதுப் பொடியன் அனகின் அந்தக் கப்பலுக்குள் புகுந்து உலையை உடைத்ததும் படை முழுக்க ஒரே நேரத்தில் சுருண்டு விழுந்தது. அத்தனை ஆயிரம் இயந்திரங்களுக்கும் ஒரே ஒரு ஆணி!

● விமானியை ஏன் இறக்கிவிடுகிறார்கள்? முதற் காரணம் உடம்பு. நன்றாகப் பயிற்சி பெற்ற போர் விமானி, அழுத்த உடையும் போட்டுக்கொண்டு, புவியீர்ப்பைப்போல் ஏறத்தாழ 9 மடங்கு விசையைத்தான் தாங்குவார். அதற்கு மேல் வெட்டித் திருப்பினால் இரத்தம் தலைக்கு ஏறாமல் மயங்கிவிடுவார். இயந்திரத்துக்கு அந்தக் கவலை இல்லை.

சரி, பூமியில் இருந்தபடி தொலைவிலிருந்தே ஓட்டலாமே என்றால் ஒளி குறுக்கே நிற்கிறது. சந்திரனுக்கு ஒரு சொல் போய்ச் சேர ஒன்றேகால் செக்கன்; செவ்வாய்க்கு, அது எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து, 3 நிமிடம் முதல் 22 நிமிடம். “இடப்பக்கம் திருப்பு” என்ற கட்டளை போய்ச் சேரும் முன்னே சண்டை முடிந்திருக்கும். 2023 ஓகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3இன் விக்ரம் கலம் சந்திரனில் தரையிறங்கிய கடைசி 19 நிமிடங்களிலும் பெங்களூரில் இருந்தவர்கள் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. எங்கே பள்ளம், எங்கே பாறை, எங்கே கால் வைப்பது என்று கலமே பார்த்து முடிவெடுத்தது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் விழுப்புரத்துக்காரரான ப. வீரமுத்துவேல்.

● ஆள் கைவிட்டால் கலம் என்ன செய்யும் என்ற கேள்வியைச் சுமார் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஒரு தமிழ்ப் புலவர் யோசித்துவிட்டார். திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில் அரசன் சச்சந்தன் தன் தேவி விசயைக்காக ஒரு மயிற்பொறி செய்விக்கிறான். பொறியை வலப்பக்கம் திருப்பினால் எழும்பும். இடப்பக்கம் திருப்பினால் இறங்கிக் கால் ஊன்றி நிற்கும். தேவிக்கு அதை ஓட்டவும் பழக்கியிருந்தார்கள். அமைச்சன் கட்டியங்காரன் அரண்மனையை வளைத்ததும், நிறைசூலியான அவளை அதில் ஏற்றி அனுப்புகிறான் அரசன். பகைவனின் வெற்றி முரசு காதில் விழுந்ததும் வானத்திலேயே மயங்கிச் சாய்கிறாள். பொறி தலைகுப்புற விழவில்லை. மெல்ல இறங்கி ஒரு சுடுகாட்டில் நிற்கிறது. அங்கேதான் சீவகன் பிறக்கிறான். இன்றைய விமானப் பொறியியலாளரும் இதைத்தான் விரும்புவார்: ஓட்டுபவர் மயங்கினாலும் கலம் பத்திரமாக இறங்க வேண்டும்.

● புஷ்பக விமானத்தை எடுத்துக்கொள்வோம். இலங்கைத் தமிழர் வீட்டில் இந்தப் பெயரைக் கேட்காத பிள்ளை இல்லை. ஆனால் அதன் குணத்தைக் கவனித்தவர்கள் குறைவு. விசுவகர்மா செய்தது. பிரமனிடமிருந்து குபேரனுக்குப் போனது. குபேரனை அடித்துத் தம்பி இராவணன் பறித்துக்கொண்டான். நினைத்த இடத்துக்குப் போகும். எத்தனை பேர் ஏறினாலும் இடம் இருக்கும். (பழைய மினிபஸ் கொண்டக்டர்களும் இதையேதான் சொன்னார்கள்.)

வான்மீகியின் இராமாயணத்தில் அது மூன்று இடங்களில் தன் புத்தியைக் காட்டுகிறது. கயிலை மலைச் சாரலில் பறந்துகொண்டிருந்தபோது திடீரென்று நின்றுவிடுகிறது. இராவணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “குபேரனைத் தவிர வேறெவரையும் சுமக்காதோ என்னவோ” என்ற பொருள்பட மாரீசன் ஒரு சந்தேகத்தைக் கிளப்புகிறான். களவெடுத்த வண்டி சொந்தக்காரரைத் தேடுகிறது என்ற அந்தச் சந்தேகம் எவ்வளவு புதுமையானது, பாருங்கள். உண்மையில் மலைமேல் சிவபெருமான் இருந்ததால் எவருக்கும் வழியில்லை என்று நந்தி வந்து சொல்கிறார். அதன் பிறகு மலையைப் பெயர்த்ததும் கால்விரலுக்குக் கீழே நசுங்கிப் பாடியதும் நமக்குத் தெரிந்த கதை. சம்பந்தர் ஏறத்தாழ ஒவ்வொரு பதிகத்தின் எட்டாம் பாட்டிலும் நினைவூட்டிக்கொண்டே இருப்பார்.

அடுத்தது, போர் முடிந்து அயோத்தி போய்ச் சேர்ந்ததும் இராமன், “குபேரனிடமே போ” என்கிறான். ஆள் யாரும் ஏறாமல் தானாகப் பறந்து போகிறது. மூன்றாவது இடம்தான் பிரமாதம். குபேரன் அதைத் திருப்பி அனுப்ப, அது இராமனிடம் வந்து வாய் திறந்து பேசுகிறது: வென்றவர் நீங்கள், உங்களையே சுமக்கச் சொன்னார் என்று. போரில் வென்றவனுக்கே வாகனம் சொந்தம் என்ற சட்டத்தை வாகனமே எடுத்துச் சொல்லும் இடம் வேறெந்த இலக்கியத்தில் இருக்கிறதோ, எனக்குத் தெரிந்து இல்லை.

● விண்வெளிப் படங்களில் கலங்கள் ஒன்றையொன்று துரத்தி, சாய்ந்து வளைந்து சுடுவது ஏன்? காற்றே இல்லாத இடத்தில் சாய்ந்து வளைய வேண்டிய அவசியம் கிடையாது. ‘ஸ்டார் வோர்ஸ்’ எடுக்கும்போது ஜோர்ஜ் லூகாஸ் இரண்டாம் உலகப் போரின் விமானச் சண்டைக் காட்சிகளை வெட்டி ஒட்டி வைத்துக்கொண்டு அதன்படி படமாக்கினார். கலக்டிகாவும் விண்ணில் மிதக்கும் ஒரு விமானந்தாங்கிக் கப்பல்தான்.

கொழும்பு அந்தச் சண்டையின் அசலைப் பார்த்த ஊர். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. அமெரிக்காவின் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய அதே தளபதி நகுமோவின் தலைமையில் ஐந்து ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களில் இருந்து புறப்பட்ட விமானங்கள் காலையில் கொழும்புத் துறைமுகத்துக்கும் இரத்மலானைக்கும் மேலே வந்தன. முந்திய நாள் கொக்கலையில் இருந்து கற்றலீனா கடல் விமானத்தில் ரோந்து போன கனடிய விமானி லெனார்ட் பேர்ச்சல் அந்தக் கப்பல்களைக் கண்டு தகவல் அனுப்பியிருந்தார். தகவல் போன கையோடு அவரைச் சுட்டு வீழ்த்திப் பிடித்தும்விட்டார்கள். கொழும்பு 7இல் குதிரைப் பந்தயத் திடலை விமான ஓடுபாதையாக மாற்றி வைத்திருந்தது ஜப்பானியருக்குத் தெரியாது. அங்கிருந்து ஹரிக்கேன் விமானங்கள் எழும்பிப் போய் மோதின. இன்று அதே ‘ரேஸ்கோர்ஸ்’ வளாகத்தில் கடை கடையாக ஏறி இறங்குகிறோம்.

● கலக்டிகா ஏன் தப்பிப் பிழைத்தது தெரியுமா? அது பழசு. நூதனசாலையாக்கப்படவிருந்த கப்பல். கணினிகளை ஒன்றோடொன்று வலையமைப்பில் இணைக்கக் கூடாது என்று தளபதி அடாமா அடம்பிடித்திருந்தார். சைலன்கள் முடக்கியது வலையமைப்பில் இருந்த புத்தம் புதுக் கப்பல்களைத்தான். காட்சிக்கு வைத்திருந்த பழைய சண்டைக் கலங்களை இறக்கித்தான் மனிதர்கள் போராடினார்கள்.

இதே யோசனையை 1951இலேயே ‘சுப்பீரியோரிட்டி’ என்ற சிறுகதையில் எழுதிவிட்டார் ஒருவர். அதில் ஒரு விண்வெளிப் படை, மேலும் மேலும் நவீன ஆயுதம் செய்யப் போய், பழைய ஆயுதத்தோடு வந்த எதிரியிடம் தோற்றுப்போகிறது. போரைக் கணித்துச் சொல்ல அவர்கள் செய்த ராட்சதக் கணினிக்குப் பணிவிடை செய்யவே ஐந்நூறு தொழில்நுட்பக்காரர் தேவைப்பட்டார்கள். எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க்.

● அந்தக் கிளார்க்தான் கறுவாத்தோட்டத்துக்காரர். 1956இல் இலங்கைக்கு வந்தவர், 2008இல் கொழும்பில் இறக்கும்வரை இதையே தன் ஊராக வைத்துக்கொண்டார். பான்ஸ் பிளேஸில் வீடு, கனத்தையில் அடக்கம். பூமியோடு சேர்ந்து சுழலும் தொலைத்தொடர்புச் செய்மதிகளைப் பற்றி 1945 ஒக்டோபரிலேயே கட்டுரை எழுதியவர். முப்பது ஆண்டு கழித்து இந்தியா, கிராமங்களுக்குச் செய்மதி வழியே தொலைக்காட்சி காட்டும் ‘சைட்’ பரிசோதனையை நடத்தியபோது, இந்திய விண்வெளிப் பொறியியலாளர்கள் கொழும்புக்கு வந்து அவர் வீட்டில் ஒரு பெரிய அன்டெனாவைப் பொருத்திக் கொடுத்தார்கள். அப்போது இலங்கையில் தொலைக்காட்சி நிலையமே கிடையாது. ஊரே வானொலியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த காலத்தில் அவர் வீட்டில் படம் ஓடியது.

● கிளார்க்கின் ‘ரண்டேவூ வித் ராமா’ (1973) நாவலில் 50 கிலோமீற்றர் நீளமான ஓர் உருளை சூரிய மண்டலத்துக்குள் வருகிறது. கிரேக்க, உரோமப் பெயர்களைத் தீர்த்துவிட்ட வானியலாளர்கள் அதற்கு இராமன் பெயரை வைக்கிறார்கள். உள்ளே பாதி உயிர், பாதி இயந்திரமான ‘பயோட்’கள் வேலை செய்கின்றன. புதிய ரெய்டருக்கு முப்பது ஆண்டு மூத்த உறவு. ஒரு வித்தியாசம்: அவை சண்டைக்கு வருவதில்லை, மனிதரைத் திரும்பியும் பார்ப்பதில்லை. அணுகுண்டு ஏவியது மனிதர்கள்தான், புதன் கிரகத்தில் குடியேறியவர்கள். அதைச் செயலிழக்கச் செய்ததும் இன்னொரு மனிதர்.

● கிளார்க்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’யில் கப்பலையே ஆளும் ஹால் 9000 கணினி, தன் குழுவினரில் நால்வரைக் கொன்றது எல்லாருக்கும் தெரியும். ஹாலை உருவாக்கியவரின் முழுப் பெயர் தெரியுமா? டொக்டர் சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை! வெள்ளவத்தையில் எந்தக் கல்யாண அழைப்பிதழிலும் அச்சடிக்கலாம். சுருக்கமாக டொக்டர் சந்திரா. 1984இல் அதன் தொடர்ச்சியான ‘2010’ படமானபோது அந்த வேடத்தைக் கட்டியவர் பொப் பலபன் என்ற அமெரிக்க நடிகர்.

ஹால் ஏன் பிசகியது என்பதையும் சந்திராதான் கண்டுபிடித்துச் சொல்கிறார். எதையும் மறைக்காமல் தகவல் தருவதற்காகப் படைக்கப்பட்ட இயந்திரத்திடம், பயணத்தின் உண்மையான நோக்கத்தை விமானிகளிடமிருந்து மறைக்கும்படி மேலிடம் கட்டளையிட்டிருந்தது. இரண்டு எசமான், இரண்டு பேச்சு. படத்தில் சந்திரா கடைசியாகச் செய்வது ஒன்றுதான்: “நீ அழியக்கூடும்” என்ற உண்மையை ஹாலிடம் நேரே சொல்லிவிடுகிறார். அதன்பிறகு ஹால் சொன்னபடி கேட்கிறது.

● ‘2010’ நாவலைக் கிளார்க் கொழும்பில் கணினியில் எழுதினார். கடைசி நேரத் திருத்தங்கள் பாதுக்கை செய்மதித் தரைநிலையம் வழியே, இந்து சமுத்திரத்துக்கு மேலே நின்ற இன்டெல்சாற் செய்மதி மூலம் போய்ச் சேர்ந்தன. படம் எடுத்தபோது இயக்குநர் பீற்றர் ஹையம்சுடன் கேப்ரோ கணினியும் மோடமும் வைத்துக்கொண்டு கொழும்புக்கும் லொஸ் ஏஞ்சலிசுக்கும் இடையே கடிதம் பரிமாறினார். 1980களின் தொடக்கம் அது. நம்மில் பலர் அப்போது வெளிநாட்டு அழைப்புக்கு ‘ட்ரங்க் கோல்’ பதிந்துவிட்டுக் காத்திருந்தோம்.

● 2008ஆம் ஆண்டின் ஐந்து வாரங்களைப் பாருங்கள். பெப்ரவரி 27இல் சுஜாதா மறைந்தார். ‘என் இனிய இயந்திரா’வில் ஜீனோ என்ற ரோபோ நாய்க்குத் தமிழ் பேசக் கற்றுக்கொடுத்தவர். சரியாக மூன்று வாரம் கழித்து, மார்ச் 19இல், கொழும்பில் கிளார்க். ஏப்ரல் 4இல் கலக்டிகாவின் நான்காம் பருவம் தொடங்குகிறது. அதில் ஒரு ரெய்டர் எதிரே வந்த மனித விமானியின் கண்ணை உற்றுப் பார்க்கிறது. தன் இனத்தின் மூலவர்களில் ஒருவர் அவர் என்று உணர்ந்து, சுடாமல் திரும்புகிறது. கூட வந்த முழுப் படையும் திரும்புகிறது. அடுத்த வாரக் கதையில் சைலன் தலைமை கூடி வாக்கெடுக்கிறது: கீழ்ப்படியாத ரெய்டர்களின் மூளையை வெட்டிக் குறைத்துவிடலாமா என்று. தீர்மானம் நிறைவேறியும்விடுகிறது. இயந்திரங்களின் ஆட்சியிலும் கேள்வி கேட்பவனுக்கு அதே கதிதான்.

● நிஜத்தில் விண்வெளியில் எவராவது சுட்டிருக்கிறார்களா? அறியப்பட்டவரை, பீரங்கியால் சுட்டது ஒரே ஒரு தடவை. சோவியத் யூனியனின் இரகசிய இராணுவ நிலையமான சல்யூத்-3இல் பீரங்கி ஒன்று பொருத்தியிருந்தார்கள். குறிபார்க்க வேண்டுமானால் முழு நிலையத்தையுமே திருப்ப வேண்டும். 1975 ஜனவரி 24, நிலையத்தை வீழ்த்தி எரிக்கவிருந்த நாள்; உள்ளே ஒருவரும் இல்லாத நேரத்தில், பூமியில் இருந்து கட்டளை அனுப்பிச் சுட்டுப் பார்த்தார்கள். ஆக, விண்ணில் முதலில் சுட்டதும் ஆளில்லாக் கலம்தான். 1967இன் விண்வெளி ஒப்பந்தம் சுற்றுப்பாதையில் அணுவாயுதம் போன்ற பேரழிவு ஆயுதங்களைத்தான் தடுக்கிறது. சாதாரணப் பீரங்கியைப் பற்றி அதில் தடையில்லை.

● அமெரிக்காவின் எக்ஸ்-37பி ஆளில்லா விண்விமானம் ஒருமுறை 908 நாள் மேலே சுற்றிவிட்டு 2022 நொவெம்பரில் தானாகவே ஓடுபாதையில் வந்திறங்கியது. அங்கே என்ன செய்தது என்பதில் பெரும்பகுதி இரகசியம்.

● இலங்கையின் முதற் செய்மதிக்கு வைத்த பெயர் ‘ராவணா-1’. ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவனத்தில் இலங்கைப் பொறியியலாளர்கள் செய்தது. எடை ஒரு கிலோ சொச்சம், உள்ளங்கையில் வைக்கலாம். நேபாளத்தின் முதற் செய்மதியும் ஜப்பானின் ஒன்றும் கூடவே போயின. 2019 ஜூன் 17இல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்து மூன்றையும் விட்டார்கள். ஆயுதம் ஒன்றும் இல்லை, ஒரு கமராதான். பெயர்க்காரரின் வாகனத்தோடு ஒப்பிட்டால் இருக்கை வசதி குறைவு.

● கடைசியாக ஒரு சினிமாச் செய்தி. நம் நாவலப்பிட்டியில் பிறந்த எம்.ஜி.ஆர். 1963இலேயே விண்வெளிக்குப் போய்வந்துவிட்டார். படம் ‘கலை அரசி’. வேற்றுக்கிரகத்தில் இருந்து பறக்கும் கலத்தில் பூமிக்கு வந்திறங்குகிறவர் நம்பியார். வந்த நோக்கம் போரா, நிலம் பிடிப்பதா? இரண்டுமில்லை. விஞ்ஞானத்தில் எட்டாத உயரத்துக்குப் போன அந்தக் கிரகத்தில் பாட்டு மட்டும் வரவில்லையாம். சொல்லிக்கொடுக்கப் பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகிறார்.